ரப்பி விடைபெறும்போது: யூதச் சபை தன் தலைமை மாற்றத்தைக் கடப்பதற்கான முழுமையான வழிகாட்டி

1850 செப்டம்பரில், யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா நாளின் காலையில், நியூயார்க் மாநிலத்தின் ஆல்பனி நகரிலிருந்த பெத் எல் ஜெப ஆலயத்துக்குள் அடிதடி நடந்தது. சபையின் ரப்பியாக, அதாவது சமயச் சட்டம் கற்ற ஆசானாக இருந்த ஐசக் மேயர் வைஸை நிர்வாகக் குழு பண்டிகைக்குச் சற்று முன்புதான் பணிநீக்கம் செய்திருந்தது. அந்த முடிவு செல்லாது என்று கருதிய அவர், வழக்கம்போல் அங்கி அணிந்து வந்து, யூத மறைநூலான தோராவின் சுருள்களை எடுப்பதற்காகத் திருப்பேழையை நோக்கி நடந்தார். சபைத் தலைவர் குறுக்கே வந்து ஓங்கிய கையில் வைஸின் தொப்பி தலையிலிருந்து கழன்று விழுந்தது. அடுத்த நிமிடம் கூடம் முழுவதும் கைகலப்பு. காவலர்கள் வந்து கூட்டத்தை வெளியேற்ற வேண்டியதாயிற்று. வைஸின் ஆதரவாளர்கள் பிரிந்து சென்று ஆன்ஷே எமெத் என்ற தனிச் சபையை அமைத்தார்கள். இரு சபைகளும் பெத் எமெத் என்ற பெயரில் மீண்டும் ஒன்றானது 1885இல்தான். அதாவது ஒரு காலைப் பொழுதில் உடைந்தது ஒட்டுவதற்கு 35 ஆண்டுகள் ஆயின.

அந்தச் சண்டைக்குக் கொள்கை வேறுபாடும் தனிப்பட்ட பகையும் காரணங்களாக இருந்தன. ஆனால் நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர் அதில் கவனிக்க வேண்டியது வேறு. ஆண்டின் மிகப் பெரிய வழிபாட்டுக்கு முன்னால், சபையாரின் தெளிவான ஒப்புதல் இல்லாமல் ஒரு ரப்பியை விலக்கினால் என்ன ஆகும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. இன்று யாரும் யாரையும் அடிப்பதில்லை. உறுப்பினர் கட்டணத்தைப் புதுப்பிக்காமல் அமைதியாக விலகிப் போகிறார்கள். விளைவு ஏறத்தாழ ஒன்றுதான்.

இந்த வழிகாட்டி அமெரிக்காவில் சீர்திருத்த மரபையோ மரபுக்காப்பு மரபையோ, அதாவது ரிஃபார்ம் அல்லது கன்சர்வேடிவ் இயக்கத்தைச் சேர்ந்த, சில நூறு குடும்பங்கள் கொண்ட, ஒரே ஒரு முழுநேர ரப்பியுள்ள சபையை மனத்தில் கொண்டு எழுதப்படுகிறது. நீண்ட காலம் பணியாற்றிய ரப்பி ஓய்வு பெறும் சூழலே இதன் மையம். மற்றச் சூழல்களும் ஆங்காங்கே பேசப்படும்.

நியமிப்பது யார் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ளுதல்

கத்தோலிக்கப் பங்குகளில் ஆயரின் இடமாற்ற உத்தரவு வந்ததும் ஒரு பங்குத்தந்தை போவார், மற்றொருவர் வருவார். யூதச் சபைகளில் அப்படி ஓர் அதிகாரம் மேலே இல்லை. ஒவ்வொரு சபையும் தானே ஒரு சட்டப்பூர்வ அமைப்பு. தன் ரப்பியைத் தானே தேடி, தானே வாக்களித்து, தானே ஒப்பந்தம் போட்டு, தானே ஊதியம் தருகிறது. 1889இல் உருவான அமெரிக்க ரப்பிகளின் மைய மாநாடு சீர்திருத்தச் சபைகளுக்கும், 1901இல் தொடங்கிய ரப்பிகள் பேரவை மரபுக்காப்புச் சபைகளுக்கும் பணியமர்த்தலில் துணைநிற்கின்றன. விண்ணப்பங்களை ஒழுங்குபடுத்துவதும், நடைமுறை விதிகளைக் காப்பதும், ரகசியம் பேணுவதும் அவற்றின் வேலை. தேர்ந்தெடுப்பது அவற்றின் வேலையன்று.

ரப்பி பூசாரியும் அல்லர். பத்துப் பேர் கூடினால் பொது வழிபாடு நடக்கும். தோராவை வாசிக்கத் தெரிந்த யாரும் வாசிக்கலாம். 1654இல் 23 யூதர்கள் பிரேசிலின் ரெசிஃபே நகரிலிருந்து இன்றைய நியூயார்க்குக்கு வந்து சேர்ந்தார்கள். முறையாக அபிஷேகம் பெற்று, அமெரிக்கச் சபையொன்றில் நிலையாகப் பணியேற்ற முதல் ரப்பியான ஆபிரகாம் ரைஸ் வந்து சேர்ந்தது 1840இல். இடைப்பட்ட ஏறத்தாழ இரு நூற்றாண்டுகளும் வழிபாட்டைப் பாடி நடத்தும் பாடகர்களும் பெரியவர்களுமே சபைகளை நடத்தினார்கள். நமக்கு அருகில் கொச்சியின் யூதர்களும் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தைத் தங்கள் மூத்தவர்களின் தலைமையில்தான் தலைமுறை தலைமுறையாக நடத்தி வந்தார்கள். இதை நினைவுபடுத்துவதற்குக் காரணம் உண்டு. ரப்பி போகிறார் என்றதும் "இனி சபையே இல்லை" என்ற பதற்றம் பரவும். அந்தப் பதற்றத்தில்தான் தவறான ஆளை அவசரமாக நியமிப்பார்கள். ரப்பி இல்லாத சில மாதங்களைச் சபை தாங்கும். தவறான ரப்பியோடு மூன்று ஆண்டுகளைத் தாங்குவது கடினம்.

ஆனாலும் ரப்பி வெறும் ஊழியர் அல்லர். சபையின் சமயச் சட்டக் கேள்விகளில் இறுதிச் சொல் அவருடையது. அந்தப் பொறுப்புக்கு 'இடத்தின் தலைவர்' என்ற பொருளில் 'மாரா தத்ரா' என்று பெயர். சமையலறையில் எதை அனுமதிப்பது, வெள்ளி மாலை முதல் சனி மாலை வரையிலான ஓய்வுநாளின் வழிபாட்டை இணையத்தில் நேரலையாகக் காட்டலாமா, யூதரல்லாத துணைவர் மேடையில் என்ன பங்கு வகிக்கலாம் என்பவை அவர் தீர்ப்புக்கு உட்பட்டவை. பணமும் கட்டடமும் நிர்வாகக் குழுவின் பொறுப்பு. மாற்றக் காலத்தில் வரும் சச்சரவுகளில் பெரும்பகுதி இந்த எல்லைக்கோட்டில்தான் முளைக்கிறது. ஆகவே முதல் வேலையாக, இரண்டு பக்கமும் எவை எவை வரும் என்று ஒரு பக்கத் தாளில் எழுதி நிர்வாகக் குழு ஒப்புக்கொள்ள வேண்டும்.

அறிவிப்பும் நாட்காட்டியும்

பெரும்பாலான ஒப்பந்தங்கள் ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடிகின்றன. புத்தாண்டும் பாவநிவாரண நாளான யோம் கிப்பூரும் செப்டம்பர் அல்லது அக்டோபரில் வருவதால், புதிதாக வருபவருக்கு இரண்டு மாதமாவது மூச்சு விட இடம் வேண்டும் என்பதே அதன் நியாயம். இதிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டால் கால அட்டவணை தானாக அமையும். வசந்தத்துக்குள் முடிவெடுக்க வேண்டுமென்றால் குளிர்காலத்தில் நேர்காணல்கள் நடக்க வேண்டும். அதற்கு இலையுதிர் காலத்தில் விண்ணப்பங்கள் கைக்கு வர வேண்டும். அதற்கு முந்திய வேனிலிலேயே சபையின் விவரக்குறிப்பு எழுதி முடிந்திருக்க வேண்டும். எனவே ஓய்வுபெற விரும்பும் ரப்பி ஏறத்தாழ ஒன்றரை ஆண்டுக்கு முன்பே சபைத் தலைவரிடம் சொல்வது நல்லது. பன்னிரண்டு மாதங்களுக்கும் குறைவாக இருந்தால், அந்த ஆண்டே நிரந்தர நியமனத்துக்கு ஓடாமல் இடைக்கால ஏற்பாட்டைப் பற்றி யோசிப்பதே அறிவுடைமை.

அறிவிப்பின் வரிசையும் முக்கியம். முதலில் நிர்வாகக் குழு, அதே நாளில் பாடகர், கல்வி இயக்குநர், அலுவலகப் பணியாளர்கள், மறுநாள் சபையார் அனைவருக்கும் ரப்பியும் தலைவரும் இணைந்து கையெழுத்திட்ட கடிதம் என்ற ஒழுங்கு போதும். அலுவலகத்தில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்த ஒருவர் இந்தச் செய்தியைக் கார் நிறுத்துமிடத்தில் ஓர் உறுப்பினர் வாயிலாகக் கேட்கும்படி விடக்கூடாது. கடிதத்தில் மூன்று செய்திகள் இருந்தால் போதும்: எப்போது போகிறார், ஏன் போகிறார், அடுத்து என்ன நடக்கும். புகழுரைக்கு வேறு நாள் இருக்கிறது.

ரப்பி தானாக விரும்பிப் போகாத சூழலில் இந்த ஒழுங்கு சிக்கலாகும். ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என்ற முடிவானால், ஒப்பந்தம் குறிப்பிடும் முன்னறிவிப்புக் காலத்தைக் கறாராகக் கடைப்பிடித்து, பண்டிகைக் காலத்தைத் தவிர்த்து அறிவிக்க வேண்டும். ஒருவர் வகிக்கும் ரப்பி பதவியை, அவரைவிடப் பெரிய அறிஞர் ஊருக்கு வந்துவிட்டார் என்பதற்காகப் பறிக்கக்கூடாது என்று பதினாறாம் நூற்றாண்டின் மோசே இசர்லேஸ் எழுதியிருப்பதைப் பலர் மேற்கோள் காட்டுவார்கள். நவீன ஒப்பந்தங்கள் கால வரம்பு வைப்பதால் அது அப்படியே பொருந்தாது என்றாலும், அதன் பின்னுள்ள கண்ணியம் பொருந்தும். ஒழுக்கமீறல் குற்றச்சாட்டு என்றால் கண்ணியம் என்ற பெயரில் மூடிமறைப்பதற்கு இடமே இல்லை. புகாரை ரப்பிகள் அமைப்பின் ஒழுங்குக் குழுவுக்குக் கொண்டுசெல்ல வேண்டும். குற்றச் செயல் என்றால் காவல்துறைக்கு. 2021, 2022 ஆண்டுகளில் அமெரிக்கச் சீர்திருத்த இயக்கத்தின் மூன்று பெரிய அமைப்புகளும் வெளி வழக்கறிஞர்களைக் கொண்டு விசாரித்து வெளியிட்ட அறிக்கைகள், பழைய மௌனங்கள் எத்தனை பேரைக் காயப்படுத்தின என்பதைக் காட்டின.

போகிறவர் கையில் இருப்பவற்றைப் பெற்றுக்கொள்ளுதல்

எல்லாரும் தேடலைப் பற்றியே பேசுவார்கள். என் மதிப்பீட்டில் ஒரு மாற்றம் நன்றாக முடியுமா என்பது அதற்கு முன்பே, பழைய ரப்பியின் மேசையில் தீர்மானமாகிவிடுகிறது. இருபத்தைந்து ஆண்டுகள் ஒரு சபையில் இருந்தவரின் தலைக்குள் எந்தக் கணினியிலும் இல்லாத ஒரு பதிவேடு இருக்கும். எந்த விதவை கணவரின் நினைவுநாளில் தனியாக வர அஞ்சுவார், எந்த இரு சகோதரர்களை ஒரே வரிசையில் உட்கார வைக்கக்கூடாது, எந்தக் குடும்பத்தில் இறந்த குழந்தையின் பெயரை ஆண்டுதோறும் சொல்ல வேண்டும் என்பவை அதில் அடக்கம்.

ஒரு காட்சியைக் கற்பனை செய்து பாருங்கள். புதிய ரப்பி வந்து மூன்றாவது வாரம். வெள்ளி மாலை வழிபாட்டில், அந்த வாரம் நினைவுநாள் வரும் இறந்தோரின் பெயர்களை வாசிக்கிறார். யார்ட்சைட் என்று சொல்லப்படும் அந்த நினைவுநாட்களின் பட்டியல் அலுவலகக் கணினியிலிருந்து வந்தது. நான்காம் வரிசையில் ஒரு முதியவர் எழுந்து நிற்கிறார். அவருடைய மகனின் பெயர் வரவில்லை. பழைய ரப்பி அந்தப் பெயரை நினைவிலிருந்தே சேர்த்துச் சொல்லிவந்தார். யாரும் கணினியில் ஏற்றவே இல்லை. முதியவர் இறந்தோர் நினைவாகச் சொல்லும் காதீஷ் பிரார்த்தனையைச் சொல்லிவிட்டு அமைதியாக வீட்டுக்குப் போகிறார். புதியவரின் மேல் எந்தக் குற்றமும் இல்லை. ஆனால் அந்த ஓய்வுநாள் முடிவதற்குள் பத்து வீடுகளில் "அவர் இருந்திருந்தால் இப்படி நடந்திருக்காது" என்ற வாக்கியம் பேசப்பட்டிருக்கும்.

இதைத் தவிர்க்க, கடைசி ஆறு மாதங்களில் பழைய ரப்பியோடு ஒருவர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டும். எழுதப்பட வேண்டியவை: நினைவுநாள் பட்டியலின் திருத்தங்கள், இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு முன்கூட்டியே ஒதுக்கப்படும், பிள்ளைகள் சமயப் பொறுப்பு ஏற்கும் பார் மித்ஸ்வா, பாத் மித்ஸ்வா சடங்குகளின் தேதிகளும் அக்குடும்பங்களுக்குக் கொடுத்த வாக்குறுதிகளும், நடத்தித் தருவதாக ஒப்புக்கொண்ட திருமணங்கள், யூதராக மாறுவதற்காகப் படித்துக்கொண்டிருப்பவர்கள் எந்தக் கட்டத்தில் இருக்கிறார்கள், எந்தச் சமய நீதிக்குழு முன் நிற்கப் போகிறார்கள் என்ற விவரம், மணவிலக்குப் பத்திரமான கெட் கிடைக்காமல் காத்திருப்போர். ஆலோசனை நாடி வந்தவர்கள் மனம் திறந்து சொன்ன ரகசியங்கள் இந்தப் பட்டியலில் சேரா. அவற்றை ஒப்படைக்க வேண்டுமானால் சம்பந்தப்பட்டவரைப் பழைய ரப்பியே அழைத்துக் கேட்டு, அவர் சம்மதித்தால் மட்டும் புதியவருக்குச் சொல்ல வேண்டும்.

கைகாசு நிதி என்று ஒன்று உண்டு. ரப்பி தன் விருப்பப்படி ஏழைகளுக்கும் இடரில் இருப்போருக்கும் உதவுவதற்காக உறுப்பினர்கள் தரும் பணம் அது. நீண்ட காலப் பழக்கத்தில் அது ரப்பியின் சொந்தக் கணக்குப்போல் ஆகிவிடுவதுண்டு. சட்டப்படி அது வரிவிலக்குப் பெற்ற சபையின் பணம், சபையிலேயே தங்க வேண்டும். பெறுநரின் பெயர்களை வெளியிடாமல், வெளிக் கணக்காளர் ஒருவர் தணிக்கை செய்து இருப்புத் தொகையைச் சான்றளிப்பது எல்லாருக்கும் பாதுகாப்பு, போகிறவருக்கும் சேர்த்து.

விடைபெறும் நிகழ்ச்சிகளைத் தாராளமாகவே நடத்த வேண்டும். அழ வேண்டியவர்கள் இந்த ஆண்டே அழுதுவிட்டால், அடுத்த ஆண்டு அந்தத் துக்கம் புதியவர் மேல் கோபமாகத் திரும்பாது.

இடைக்கால ரப்பி தேவையா

மூன்று சூழல்களில் ஆம் என்பேன்: முந்தையவர் மிக நீண்ட காலம் இருந்திருந்தால், எதிர்பாராமல் இறந்திருந்தால், சண்டையிலோ அவமானத்திலோ விலகியிருந்தால். இந்த வேலைக்கென்றே பயிற்சி பெற்ற இடைக்கால ரப்பிகள் இருக்கிறார்கள். ஓராண்டு, சில வேளைகளில் இரண்டாண்டு வருவார்கள். பொதுவாக அவர்கள் அதே சபையின் நிரந்தரப் பதவிக்கு விண்ணப்பிக்கக்கூடாது என்பது விதி. அந்த விதியில்தான் அவர்களுடைய சுதந்திரமே இருக்கிறது. வாக்கு வாங்க வேண்டிய கவலை இல்லாதவரால் தலைவரிடம் கசப்பான உண்மையைச் சொல்ல முடியும். பலருக்கும் பிடித்துப்போகும் இடைக்கால ரப்பியை "இவரையே வைத்துக்கொள்ளலாமே" என்று கேட்கும் குரல் மார்ச் மாதம் எழும். விதியைத் தளர்த்தாதீர்கள்.

துணை ரப்பி ஒருவர் ஏற்கெனவே இருக்கும் பெரிய சபைகளுக்கு வேறொரு கேள்வி வரும்: அவரையே உயர்த்துவதா? விவிலியத்தில் மோசே தன் பிள்ளைகளே தனக்குப்பின் வர வேண்டும் என்று விரும்பியதாகவும், கடவுள் யோசுவாவைக் காட்டியதாகவும் உரையாசிரியர் ராஷி எழுதுகிறார். கூடவே இருந்து பணிசெய்தவருக்கே அது கிடைத்தது. ஆகவே உள்ளிருப்பவர் வரலாம். ஆனால் முடிவைத் தேடலுக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். முதலில் அவரை மட்டும் பரிசீலித்து ஆம் அல்லது இல்லை என்று சொல்லிவிட்டு, இல்லை என்றால் மட்டும் வெளியே தேடுங்கள். நாடெங்கும் இருந்து வந்த ஐந்து பேரோடு அவரையும் வரிசையில் நிறுத்தித் தோற்கடித்துவிட்டு, மறுநாள் அவரையே குழந்தைகளுக்குப் பாடம் எடுக்கச் சொல்வது கொடுமை.

சபையைக் கேட்டல்

சமூகத்தைக் கலந்துகொள்ளாமல் அதற்கு ஒரு தலைவரை நியமிக்கக்கூடாது என்று, யூதச் சமயச் சட்டத் தொகுப்பான தல்மூதின் பெராகோத் பகுதியில் ரப்பி இட்ஸ்ஹாக் கூறுகிறார். பாலைவன வழிபாட்டுக் கூடாரத்தைக் கட்டக் கைவினைஞர் பெசலேலைத் தேர்ந்த கடவுளே, "இவன் உனக்குத் தகுதியானவனாகத் தோன்றுகிறானா" என்று மோசேயிடமும், மோசே வாயிலாக மக்களிடமும் கேட்டதாக அந்தப் பகுதி சொல்கிறது. கடவுளே கேட்டார் என்றால், நிர்வாகக் குழு கேட்காமலிருக்க என்ன நியாயம் இருக்க முடியும்?

கேட்கும் முறையில் கவனம் தேவை. இணையக் கருத்துக்கணிப்பு மட்டும் போதாது. அதில் "இளமை, அனுபவம், நகைச்சுவை, புலமை, குழந்தைகளோடு தோழமை, எப்போதும் வீட்டுக்கு வருபவர்" என்ற பட்டியலே திரும்பும். அப்படி ஒருவர் பிறக்கவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வீட்டு வரவேற்பறையில் அமர்ந்து தேநீரோடு ஒன்றரை மணி நேரம் பேசும் கூட்டங்கள் எட்டோ பத்தோ நடத்துவது மேல். இளம் பெற்றோர், தனித்து வாழ்வோர், யூதரல்லாத துணைவர், முதியோர் என்று வகை வகையாக அழைக்க வேண்டும். கேள்விகள் இரண்டே போதும்: இந்தச் சபையில் உங்களுக்கு மறக்க முடியாத தருணம் எது? ரப்பி மாறினாலும் மாறக்கூடாதது எது? "எப்படிப்பட்ட ரப்பி வேண்டும்" என்று நேராகக் கேட்காதீர்கள். பழையவரின் நகலையோ நேர் எதிரையோதான் சொல்வார்கள்.

இங்கேதான் சபையைப் பற்றிய கசப்பான உண்மைகளும் வெளிவரும். உறுப்பினர் எண்ணிக்கை குறைகிறதா, கடன் இருக்கிறதா, இஸ்ரேல் பற்றிய பேச்சில் சபை இரண்டாகப் பிளந்து கிடக்கிறதா என்பவற்றை விண்ணப்பக் குறிப்பில் ஒளிக்காமல் எழுத வேண்டும். ரப்பிகள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்பவர்கள். மறைத்தது எப்படியும் தெரியவரும்.

தேடல் குழுவும் நேர்காணலும்

ஒன்பது முதல் பதின்மூன்று பேர் வரையிலான குழு சரியாக இருக்கும். தலைவர் பதவியில் இருப்பவரே குழுவுக்கும் தலைமை ஏற்க வேண்டாம். பழைய ரப்பியின் நெருங்கிய நண்பர் ஒருவரும், அவரோடு ஒத்துப்போகாத ஒருவரும் அதில் இருக்கட்டும். பழைய ரப்பி எந்த வடிவிலும் குழுவில் இருக்கக்கூடாது. பெயர்களைப் பார்க்கவும் கூடாது. விண்ணப்பிப்பவர்கள் இப்போது வேறொரு சபையில் பணியில் இருப்பவர்கள். பெயர் கசிந்தால் அவர்கள் வாழ்வாதாரமே ஆட்டம் காணும். எனவே குழு உறுப்பினர்கள் தங்கள் துணைவரிடமும் பெயர்களைச் சொல்வதில்லை என்று எழுதிக் கையெழுத்திட வேண்டும்.

தோராவின் எண்ணாகமம் நூலின் 27ஆம் அதிகாரத்தில் மோசே தனக்குப்பின் ஒருவரை நியமிக்கும்படி கேட்கும்போது, "எல்லா மனிதரின் ஆவிகளுக்கும் தேவன்" என்று கடவுளை அழைக்கிறார். ஒவ்வொருவரையும் அவரவர் இயல்புக்கேற்பத் தாங்கக்கூடிய தலைவர் வேண்டும் என்பதே அந்த அழைப்பின் பொருள் என்பது ராஷியின் விளக்கம். நேர்காணலில் சோதிக்க வேண்டிய முதல் குணமாக இதையே சொல்வேன். மேடைப் பேச்சு இரண்டாவது. ஆனால் நடைமுறையில் சபைகள் தலைகீழாகச் செய்கின்றன. இறுதிச் சுற்றுக்கு வந்தவரை ஓய்வுநாள் வார இறுதிக்கு அழைத்து, வெள்ளி இரவு சொற்பொழிவு, சனி காலை தோரா உரை, மதியம் வகுப்பு, மாலை கேள்வி பதில் என்று மேடை மேல் மேடையாக ஏற்றி, கைதட்டலை அளக்கிறார்கள். அந்த வார இறுதியில் மேடையில்லாத ஒரு மணி நேரத்தையும் ஒதுக்குங்கள். முதியோர் இல்லத்துக்கு ஓர் உறுப்பினரைப் பார்க்க அழைத்துச் செல்லலாம். பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பீட்சா சாப்பிட உட்கார வைக்கலாம். யார் பேசுகிறார், யார் கேட்கிறார் என்பதைப் பாருங்கள்.

கேட்கக்கூடாத கேள்விகள் உண்டு. கருவுற்றிருக்கிறாரா, குழந்தை பெறும் எண்ணமுண்டா, துணைவர் சபையில் என்ன வேலை செய்வார் என்பவை நாகரிகத்துக்குப் புறம்பானவை. சாலி பிரீசாண்ட் 1972இலும் ஏமி ஐல்பெர்க் 1985இலும் முறையே சீர்திருத்த, மரபுக்காப்பு இயக்கங்களின் அமெரிக்க இறையியற் கல்லூரிகளில் ரப்பியாக அபிஷேகம் பெற்ற முதல் பெண்களானார்கள். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் பெண் விண்ணப்பதாரரிடம் இக்கேள்விகள் எழாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு குழுத் தலைவருடையது.

பரிந்துரையாளர்களை அழைக்கும்போது அவர் கொடுத்த பெயர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், அவர் சம்மதத்தோடு முந்தைய சபையின் அலுவலகப் பணியாளர் ஒருவரிடமும் பேச வேண்டும். தலைவர்களிடம் எல்லாரும் இனிமையாகத்தான் பேசுவார்கள்.

ஒப்பந்தம்

சபையார் வாக்களித்த பிறகு வரும் இந்தக் கட்டத்தை வழக்கறிஞர்களிடம் விட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். இரண்டு செய்திகளை மட்டும் நிர்வாகக் குழு தானே கவனிக்க வேண்டும். ஒன்று வீட்டுவசதிப் படி. அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 107ஆம் பிரிவு சமயப் பணியாளரின் வீட்டுவசதிப் படிக்கு விலக்கு அளிக்கிறது; ஆனால் பணம் கொடுப்பதற்கு முன்பே நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றித் தொகையைக் குறிப்பிட்டிருக்க வேண்டும். ஜூலையில் மறந்துவிட்டு டிசம்பரில் நினைவுக்கு வந்தால், போன மாதங்களின் சலுகை போனதுதான். மற்றொன்று ஓய்வு: வாரத்தில் ஒரு முழு நாள், ஆண்டு விடுப்பு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கல்வி விடுப்பு ஆகியவற்றை எண்களாக எழுதுங்கள். முதல் ஒப்பந்தம் இரண்டு அல்லது மூன்று ஆண்டுகளுக்கு இருப்பது வழக்கம்.

ஓய்வுநிலை ரப்பியின் இடம்

தல்மூதில், அதே பெராகோத் பகுதியில், யவ்னே கல்விக்கூடத்தின் தலைவரான ரப்பான் கமாலியேல் பதவி இறக்கப்பட்ட கதை வருகிறது. சக அறிஞரான ரப்பி யோசுவாவைத் திரும்பத் திரும்ப அவமதித்ததால் கூடியிருந்தோர் கொதித்தெழுந்து அவரை நீக்கி, பதினெட்டு வயது எலெயாசார் பென் அசரியாவைத் தேர்ந்தார்கள். எலெயாசார் வீட்டுக்குப் போய் மனைவியிடம் கேட்கிறார். "நாளை உம்மையும் இறக்கிவிடுவார்களே" என்கிறாள் அவள். "விலையுயர்ந்த கிண்ணத்தில் ஒரு நாள் குடிப்போம், நாளை உடைந்தால் உடையட்டும்" என்கிறார் அவர். அன்றே வாயிற்காவலன் நீக்கப்பட்டான். உள்ளே இடம் கிடைக்காதிருந்த மாணவர்களுக்காக நானூறு பலகைகள் கூடுதலாகப் போடப்பட்டன என்கிறார் ஒருவர், எழுநூறு என்கிறார் மற்றொருவர். அந்தக் கதையில் என்னை நிறுத்திவைக்கும் வரி வேறு: பதவி இழந்த அந்நாளிலும் கமாலியேல் ஒரு மணி நேரம்கூடக் கல்விக்கூடத்துக்கு வராமல் இருக்கவில்லை. கடைசியில் அவர் யோசுவாவிடம் மன்னிப்புக் கேட்டார். பெரும்பாலான வாரங்களில் கமாலியேலும் ஒரு வாரம் எலெயாசாரும் உரையாற்றுவது என்று ஏற்பாடாயிற்று, ஏனென்றால் ஒருமுறை உயர்த்தியவரைத் தாழ்த்தக்கூடாது.

கமாலியேலைப்போல் மாணவராக உட்காரத் தெரிந்தவர்கள் குறைவு. அதனால்தான் பல சபைகள் ஓய்வுபெற்ற ரப்பி முதல் ஓராண்டு விலகி இருக்கும்படி கேட்டுக்கொள்கின்றன. அதன்பின் வந்தாலும், புதியவரின் சம்மதமின்றித் திருமணமோ இறுதிச் சடங்கோ நடத்துவதில்லை என்பது ரப்பிகளின் தொழில் ஒழுக்கமாகவே ஏற்கப்பட்டிருக்கிறது. இதை எழுத்தில் வைத்து, சபையாருக்கும் அறிவிக்க வேண்டும். ஏனெனில் சிக்கலைக் கொண்டுவருபவர் பெரும்பாலும் ஓய்வுபெற்றவர் அல்லர். "எங்கள் அம்மாவை உங்களுக்குத்தானே தெரியும், நீங்களே வந்து அடக்கம் செய்யுங்கள்" என்று இரவு பதினொரு மணிக்கு அழைக்கும் குடும்பம்தான். அந்த நேரத்தில் அவர் சொல்ல வேண்டிய பதில் முன்பே தயாராக இருக்க வேண்டும்: "நான் வந்து உங்களோடு உட்காருகிறேன், சடங்கைப் புதிய ரப்பி நடத்துவார், அவரை நானே இப்போது அழைத்துச் சொல்கிறேன்."

முதல் ஆண்டு

ஒப்பந்தம் கையெழுத்தானதும் தேடல் குழுவைக் கலைத்துவிட்டு, வேறு ஆட்களைக் கொண்டு வரவேற்புக் குழு ஒன்றை அமையுங்கள். முதல் வாரத்துக்கு அவர்கள் வீட்டுக் குளிர்பெட்டியில் உணவு, பிள்ளைகளுக்குப் பள்ளி, துணைவருக்கு ஒரு மருத்துவரின் எண் என்று தொடங்கும் இக்குழுவின் வேலை, அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்கு ரப்பியின் காதாகவும் குடையாகவும் இருப்பது. முன்பு சபையைக் கேட்பதற்காக நடத்திய வரவேற்பறைக் கூட்டங்களை, இம்முறை புதிய ரப்பியோடு மீண்டும் நடத்துங்கள். புத்தாண்டுக்கு முன் ஐந்தாறு நடந்தால் நல்லது.

மோசே யோசுவாவின் மேல் கை வைக்கும் எண்ணாகமப் பகுதி, ஆண்டு வாசிப்பு வரிசையில் பெரும்பாலும் ஜூலை மாதத்தில், அதாவது புதிய ரப்பிகள் பொறுப்பேற்கும் அதே வாரங்களில்தான் வருகிறது. ஒரு கையை வை என்றுதான் கட்டளை. மோசே இரண்டு கைகளையும் வைத்தார் என்று ராஷி கவனித்துச் சொல்கிறார். முறையான பதவியேற்பு விழாவைப் பல சபைகள் பண்டிகைகள் முடிந்த பின் வைத்துக்கொள்கின்றன. விழாவில் தோராச் சுருளைப் பழைய தலைவர்கள் கைமாற்றி, ஓய்வுபெற்ற ரப்பி வாங்கி, புதியவர் கையில் கொடுப்பது வழக்கம். அந்த ஒரு நாளுக்கு மட்டும் ஓய்வுபெற்றவர் விலகியிருக்கும் ஏற்பாட்டைத் தளர்த்துவதில் தவறில்லை.

புதியவர் முதல் ஆண்டில் எதை மாற்றலாம்? வகுப்புகளை, கூட்டங்களின் நேரத்தை, வாராந்தரக் கடிதத்தின் வடிவத்தை மாற்றலாம். யோம் கிப்பூர் முன்னிரவில் பாடப்படும் கோல் நித்ரேயின் மெட்டைத் தொட வேண்டாம். யார் எங்கே உட்காருகிறார் என்பதையும் தொட வேண்டாம். சமையலறையின் சமய உணவு விதிகளை மாற்ற வேண்டியிருந்தால், இடத்தின் தலைவர் என்ற அதிகாரம் அவருக்கு உண்டு என்பதை நிர்வாகக் குழு நினைவில் கொள்ளட்டும். எப்போது என்பதை மட்டும் அவரோடு பேசலாம். முதல் பண்டிகைக் காலம் முடிந்ததும் உறுப்பினர் சிலர் விலகுவார்கள். அவர்களில் பலர் முன்பே விலக நினைத்து, பழைய ரப்பியின் முகத்துக்காகத் தங்கியிருந்தவர்கள். அந்த எண்ணிக்கையைப் புதியவரின் மதிப்பெண்ணாகக் கொள்ளக்கூடாது. ஒவ்வொருவரையும் தலைவர் நேரில் அழைத்துப் பேச வேண்டும்.

டிசம்பரிலும் ஏப்ரலிலும் ரப்பியும் தலைவரும் இன்னும் இருவரும் உட்கார்ந்து, முதலில் எழுதிய அந்த ஒரு பக்கத் தாளை எடுத்துப் படிக்க வேண்டும்: எது ரப்பியின் தீர்ப்பு, எது குழுவின் பொறுப்பு. திருத்த வேண்டியதை அங்கேயே திருத்தி மீண்டும் கையெழுத்திடுங்கள். ஒப்பந்தப் புதுப்பிப்புப் பேச்சை அது முடிவதற்குக் குறைந்தது ஓராண்டுக்கு முன் தொடங்குங்கள். அதுவும் பண்டிகைகளுக்கு முன்னால் வேண்டாம். வரவேற்புக் குழுவைக் கலைக்கும் நாளைத் தீர்மானிக்க எனக்குத் தெரிந்த அளவுகோல் ஒன்றுதான். ஒரு வீட்டில் மரணம் நிகழ்ந்து, ஏழு நாள் துக்கத்துக்குக் கண்ணாடிகளை மூடிக்கொண்டிருக்கும் குடும்பத்தார், யாரும் சொல்லாமலேயே புதியவரின் எண்ணை அழைத்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால், அடுத்த கூட்டத்தில் கலைத்துவிடலாம்.